ஒரே கையெழுத்தில் ஏழு பாரங்கள்

7.1.1987, புதன்

விடியலிலிருந்து மழை. புந்தோங் முச்சந்தியில் கணுக்கால் அளவு தண்ணீர். பஸ் அரை மணி தாமதம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்குள் நுழைய வெட்கமாக இருந்தது. உள்ளே போனால் லியோங் சப்பாத்து இரண்டையும் புத்தகப்பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நிற்கிறான்.

கம்ப்யூட்டர் கழகத்தின் அறை ஒழுகுகிறது. இயந்திரத்தை நூலகத்துக்கு மாற்றினோம். பெற்றோர் சங்கம் வாங்கித் தந்த ஒன்றே ஒன்று. அச்சு இயந்திரத்தை நான் தூக்கினேன், மீதியை லியோங். மேலே போர்த்த வீட்டிலிருந்து என் மேசை விரிப்பு.

லியோங் என்னைப் போலக் கணக்கு ஆசிரியர். வயது இருபத்தாறு, சாப்பாட்டு மணி அடித்தாலும் காதில் விழாது. போன வருஷக் கடைசியில் தொடங்கி விடுமுறையில் ஒரு புரோகிராம் எழுதி முடித்திருக்கிறான். படிவம் மூன்று முடித்த பிள்ளை அடுத்து எதைப் படிக்கலாம், அறிவியலா, கலையா, தொழிற்கல்வியா என்று அது சொல்லும். அரசாங்கச் சோதனையில் வாங்கியதைக் கொடுக்க வேண்டும். கூடவே இருபது கேள்வி உள்ள பாரம் ஒன்று. ஒவ்வொரு கேள்விக்கும் பிள்ளை 1 முதல் 5 வரை ஏதாவது ஓர் எண் எழுத வேண்டும்: 1 என்றால் பிடிக்கவே பிடிக்காது, 5 என்றால் ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை. இயந்திரம் பெருக்கிக் கூட்டி, மூன்று பிரிவுக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று அச்சடித்துத் தரும். எடைகள் எல்லாம் 340ஆம் வரியில் இருக்கின்றனவாம். காட்டச் சொன்னேன். காட்டினான். ஒரே ஒரு வரி, நிறைய காற்புள்ளிகள்.

மூன்று வருஷமாக இதை நான்தான் செய்கிறேன், வழிகாட்டி ஆசிரியை என்ற பெயரில். வேறு யாரும் அந்த வேலைக்கு வரவில்லை. முகத்தைப் பார்ப்பது, அப்பா என்ன வேலை என்று கேட்பது, ஓர் ஊகம். எத்தனை பேரைத் தப்பான பக்கம் தள்ளிவிட்டேனோ. அதனால் இயந்திரத்தின் மேல் எனக்குப் பொறாமை இல்லை, ஆசைதான்.

லியோங் மூன்று தடவை சொன்னான்: இது முடிவு செய்யாது, மிசஸ் அந்தோணி, முடிவு செய்ய உதவும், முடிவு உங்களுடையது.

வெள்ளோட்டத்துக்கு என்னையே கொடுத்தேன். பதினைந்து வயது மதிப்பெண்கள், ஞாபகத்தில் இருந்தவரை. பதில்கள் உள்ளது உள்ளபடி. விடை: தொழிற்கல்வி 71, கலை 55, அறிவியல் 52. இருபத்திரண்டு வருஷமாகக் கணக்குச் சொல்லித் தருகிறேன்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். ஜெலாப்பாங் ஆலையில் இயந்திரம் பழுது பார்ப்பவர். "அப்ப எங்க ஆலைக்கே வந்திருக்கலாமே. வீட்டுல ஒரு கடிகாரத்த விட்டு வச்சிருக்கியா நீ?" உண்மைதான். கேள்வி 7: பொருட்களைப் பிரித்துப் பார்ப்பது பிடிக்கும். 5 போட்டிருந்தேன்.

லி.யிடம் கேட்க வேண்டியவை:
எடைகளை முடிவு செய்தது யார்?
பதில் எழுதாமல் விட்டால்?
பொய் எழுதினால்?

9.1.1987, வெள்ளி

வெயில். துவைத்தது காய்ந்தது.

மொத்தம் 112 பாரங்கள். நான் வாசிக்க லி. தட்டினான். மதியத்துக்குள் எழுபது. விரல் அவனுக்கு, தொண்டை எனக்கு. கேண்டீன் காப்பி இரண்டு முறை.

நடைபாதையில் காதில் விழுந்தது: "நான் எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுட்டேன் லா. அப்பதான் நல்ல கிளாஸ் குடுப்பாங்க." அந்தப் பையனுக்கு மூன்று பிரிவும் ஏறத்தாழ ஒரே எண். இயந்திரமும் என்னைப் போலவே கையை விரித்துவிட்டது.

நம் பள்ளியில் படிவம் நான்கில் கலை மட்டும். அறிவியல் என்றால் டவுனில் உள்ள பெரிய பள்ளிக்குப் போக வேண்டும், தொழிற்கல்வி என்றால் அதற்கும் அப்பால். பட்டியல் 23ஆம் தேதி கல்வி அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

இன்று நெருடியது ஒன்று. பதினெட்டாங்கட்டைத் தோட்டத்துப் பிள்ளைகள் ஏழு பேர். ஐந்து பெண்கள், இரண்டு பையன்கள். அந்தத் தோட்டம் முன்பு முழுக்க ரப்பர், இப்போது மேட்டில் கொஞ்சம் தவிர எல்லாம் செம்பனை, எண்ணெய்ப் பழத்துக்கு. காலை வகுப்புக்குத் தோட்டத்து லாரியில் வருவது இந்த ஏழு பேர்தான். படிவம் ஒன்றும் இரண்டும் மதியம், அதற்கு வேறு லாரி. ஏழு பாரமும் ஒரே கையெழுத்து. சாய்ந்த எழுத்து, 7க்குக் குறுக்கே ஒரு கோடு.

விடைகளும் விசித்திரம். ஆறு பேருக்குக் கலை. அதில் மூவருக்கு மயிரிழையில். கலை 61, தொழில் 60. கலை 58, தொழில் 57. கலா என்கிற ஒருத்திக்கு மட்டும் அறிவியல், அதுவும் நல்ல இடைவெளியில்.

தவமணிக்குக் கணக்கில் 1, அறிவியலில் 1. இந்தச் சோதனையில் 1தான் உச்சம். பள்ளியிலேயே முதல். ஆனால் அவள் பாரத்தில் 'கணக்குப் போடுவது பிடிக்கும்': 1. 'ஆய்வுக்கூட வேலை பிடிக்கும்': 1. கலை 63, அறிவியல் 62.

"மெஷின் சரியாகத்தான் கூட்டுகிறது" என்றான் லி., அவன் பிள்ளையை நான் குறை சொன்னதுபோல.

12.1.1987, திங்கள்

கொசு. மண்டை வலி. ஆனால் நல்ல நாள்.

ஓய்வு நேரத்தில் ஏழு பேரையும் நூலகத்துக்குக் கூப்பிட்டேன். யார் எழுதியது என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கலாதான் வாயைத் திறந்தாள். "தவமணிதான் டீச்சர். எங்க லயத்துல பாரம்னா அவதான். ஐ.சி. பாரம், கிளினிக் பாரம், பெரியவங்களுக்கும் அவதான் எழுதுவா."

"முன்ன அவ அக்கா எழுதுனாங்க" என்றாள் இன்னொருத்தி. "அவங்க கல்யாணமாயி பாரிட் புந்தார் போயிட்டாங்க. இப்ப இவ."

ஏதோ உத்தியோகம் கைமாறியதுபோலச் சொன்னாள். பாரம் என்பது அவரவர் தன்னைப் பற்றி எழுதுவது என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அதற்கென்று லயத்து வரிசை வீடுகளில் ஒரு கை உண்டு, அந்தக் கை எழுதும். எனக்குக் கோபம் வரவில்லை. இன்னும் நூறு கேள்வி கேட்க வேண்டும்போல் இருந்தது.

"எல்லாரையும் கேட்டுத்தான் எழுதுனியா?"

"கேட்டேன் டீச்சர்" என்றாள் தவமணி. ஒல்லி, நெற்றியில் தழும்பு, எதிராளியின் காதைப் பார்த்துப் பேசுகிற பெண்.

புதுப் பாரம் கொடுத்தேன். தனித்தனி மேசை, சொந்தக் கை. பையன் ஒருவன் பென்சிலைக் கடித்துக்கொண்டு கேட்டான்: "செஞ்சு பாக்காதது புடிக்குமா புடிக்காதான்னு எப்படி டீச்சர் எழுதுறது?" நல்ல கேள்வி. லி.யின் பட்டியலில் இதற்கு எடை இல்லை.

தவமணி மறுபடியும் கணக்குக்கு 1, ஆய்வுக்கூடத்துக்கு 1. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது, அல்லது தட்டியதாக நினைத்தேன். "சோதனையில ஒண்ணுதானே ஒசத்தி. அந்த ஞாபகத்துல எழுதிட்டியா?"

ஜன்னலைப் பார்த்தாள். லாரி வந்து நிற்கும் பக்கம். "ஆமா டீச்சர்."

இரண்டையும் நானே 5 ஆக்கினேன். அறிவியல் 96. லி. விசில் அடித்தான். 112 பேரில் அதுதான் உச்சம்.

புது விடை: அறிவியல், தவமணியும் கலாவும். தொழிற்கல்வி, இரண்டு பையன்கள். கலை, மற்ற மூன்று பெண்கள். இப்போதுதான் உயிருள்ள ஏழு பேர்போல இருக்கிறது. அழகாக எழுதி அறிவிப்புப் பலகையில் குத்தினேன். வீடு வரும் வழியெல்லாம் சந்தோஷம். புந்தோங் கடைகளில் கரும்பு குவிந்து கிடக்கிறது. முறுக்கு வாங்கினேன், இவருக்கு என்று சொல்லி நானே பாதி தின்றேன்.

15.1.1987, வியாழன்

நேற்றுப் பொங்கல். எதிர் வீட்டிலிருந்து ஒரு சட்டி, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சட்டி. நாங்கள் மாதா கோயில் வீடு என்பதால் யாரும் எங்களை விட்டுவிடுவதில்லை. நெய் அதிகம்.

மற்ற பிள்ளைகள் இன்று திரும்பிவிட்டார்கள். பதினெட்டாங்கட்டை ஏழு பேரும் வரவில்லை. பொங்கல் இன்னும் முடியவில்லைபோலும்.

16.1.1987, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கலா மட்டும் வந்தாள், லாரியில் இல்லை, பஸ்ஸில். பொங்கலுக்கு, டவுனை ஒட்டிய புந்தோங்கில் உள்ள சித்தி வீட்டுக்கு வந்தவளாம். என்னைத் தேடி ஆசிரியர் அறை வாசலுக்கே வந்துவிட்டாள்.

பலகையில் இருந்த பட்டியல் தோட்டத்து ஆபீஸ் கிராணியின் காதுக்குப் போயிருக்கிறது. காலை லாரி ஆறு பேருக்குக் குறைந்தால் ஓடாது. பெரிய ஆபீஸ் விதி. ஏழு பேர் மூன்று திக்காகப் பிரிந்தால் இங்கே இறங்குவது மூன்று. டவுனுக்கு லாரி போகாது. இங்கே பிள்ளைகளை இறக்கியதும் பழம் ஏற்றத் திரும்பிவிட வேண்டும். ஆக, லாரி இல்லை. அந்த மூன்று பெண்களின் அப்பாக்களும் ஒரே வார்த்தை சொல்லியிருக்கிறார்கள்: லாரி இல்லை என்றால் பள்ளிக்கூடம் இல்லை. பையன்களும் வீட்டில்.

"அதுக்குத்தான் டீச்சர் தவமணி அப்படி எழுதுனா" என்றாள் கலா.

"எப்படி?"

"ஆறு பேரு இங்கயே இருக்கணும். ஒருத்தருதான் போலாம். எனக்குச் சித்தி வீடு இருக்கு. அவளுக்கு டவுன்ல யாரும் இல்ல. அதான் நான்."

நூலகத்துக்கு ஓடினேன். பழைய பாரங்கள் நல்லவேளை பெட்டியிலேயே இருந்தன. பழையதையும் புதியதையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். மற்ற நான்கு பெண்களின் பாரத்தில் மாற்றமே இல்லை; பையன்கள் இருவர் பாரத்திலும் ஓர் எண், மிஞ்சினால் இரண்டு எண் மாறியிருக்கிறது. மீதியெல்லாம் அந்தப் பிள்ளை சொன்னபடியே. கலை ஒரு புள்ளி மேலே வர எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் மாற்றம். தன் பாரத்தில் மட்டும் பெரிய வெட்டு. அவள் மதிப்பெண்ணுக்கு அவ்வளவு வெட்டினால்தான் கீழே வரும்.

லி.யைக் கூப்பிட்டுக் காட்டினேன். உட்கார்ந்துவிட்டான். நவம்பரில் அவன் இதை எழுதத் தொடங்கிச் சோதித்துப் பார்த்தபோது அந்தப் பெண் ஒவ்வோர் ஓய்வு நேரமும் வந்து நிற்குமாம். இந்த 5ஐ 3 ஆக்கினால் என்ன வரும், சார்? இதையும் 2 ஆக்கினால்? 340ஆம் வரியை நோட்டில் எழுதிக்கொண்டதாம். கம்ப்யூட்டர் மேல் ஆசை என்று நினைத்தானாம். ஆசைதான், அதில் பொய் இல்லை.

"அவள் இயந்திரத்தை ஏமாற்றிவிட்டாள்" என்றான்.

"உன் இருபது கேள்வியில் லாரி எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. அவன் தப்பில்லை. இருபது கேள்வியையும் படித்துப் பார்த்துக் கையெழுத்து போட்டவள் நான். 'ஆமா டீச்சர்' என்ற வார்த்தையை ஆராயாமல் விழுங்கியவளும் நான்தான். வெட்கமாக இருக்கிறது. எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கிறவளாம், கேள்வி 7க்கு 5.

பலகையிலிருந்து பட்டியலைக் கிழித்தேன்.

பிறகு லி. காகிதத்தில் எழுதிக் காட்டினான். கேள்வி 21: நீ பள்ளிக்கு எப்படி வருகிறாய், உன்னோடு எத்தனை பேர்? இதற்கு எடை எவ்வளவு போடுவது என்று கேட்டான்.

17.1.1987, சனி

நல்ல வெயில். இவர் ஹொண்டாவில் ஏற்றிக்கொண்டு போனார். செம்மண் பாதை, இரு பக்கமும் செம்பனை, ஒரே மாதிரி, ஒரே மாதிரி. சேலை முழுக்கத் தூசி. 

முதலில் ஆபீஸ். கிராணி மரியாதையான ஆள். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "நான் என்னா டீச்சர் செய்யட்டும். தொர போட்ட ரூலு. ஆறு தலை இருந்தா நான் பாட்டுக்குக் கையெழுத்து போட்டுருவேன். யாரு தலைன்னு எல்லாம் நான் கேக்க மாட்டேன்." காப்பி குடித்துவிட்டு எழுந்தோம்.

தவமணி குழாயடியில் யாருக்கோ கிளினிக் அட்டை வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா மேட்டு ரப்பரில் பால் வெட்டப் போனவர் இன்னும் திரும்பவில்லை.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல டீச்சர். பாரத்துலயும் கேக்கல." குத்திக்காட்டும் குரல் இல்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். கீழ்வாக்கில் ஏழு பெயர். குறுக்கே மூன்று பிரிவு. யார் போனால் எத்தனை மிச்சம், யாரை நிறுத்திவிடுவார்கள், யாருக்கு டவுனில் இடம் உண்டு. என் மூன்று வருஷத்து வழிகாட்டிக் கோப்பில் இப்படி ஒரு பக்கம் கிடையாது.

"மொதல்ல என்னைய போட்டுத்தான் பாத்தேன் டீச்சர்" என்றாள். "அப்புறம் தங்க எடம்?"

வாயிலிருந்து வந்துவிட்டது: எங்கள் வீட்டில் இருக்கலாம், மகள் பிலோ நர்ஸ் பயிற்சிக்குக் கோலாலம்பூர் போய்விட்டாள், அவள் கட்டில் சும்மா இருக்கிறது. சொன்ன பிறகுதான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். பைக்கின் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "கட்டில் சும்மாதானே கெடக்கு."

தவமணி முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் உதடு முணுமுணுத்துக் கணக்குப் போட்டது. "கலாவும் நானும் போனா அஞ்சு டீச்சர்."

இவர்தான் பிளக்கை முறுக்கிக்கொண்டே சொன்னார்: "யாரு தலைன்னு கேக்க மாட்டேன்னாரே கிராணி."

தவமணி நிமிர்ந்தாள். காலை லாரியில் வர வேண்டிய படிவம் மூன்றுக்கு இந்த வருஷம் தோட்டத்திலிருந்து யாருமில்லை என்றாள். இருந்த ஒருத்தி செல்வி. படிவம் இரண்டோடு நின்றுவிட்டு அம்மாவோடு உதிரிப் பழம் பொறுக்கப் போகிறாள்.

"ஏன் நின்னா?"

"லாரியில வாந்தி எடுப்பா டீச்சர். தெனமும். பசங்க சிரிப்பாங்க."

செல்வி வீடு கடைசி லயம். அப்பா வாசலில் நின்றார். "அவளுக்குப் படிப்பு ஏறல டீச்சர்." கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "படிப்பெல்லாம் நல்லாத்தான் வந்துச்சி. லாரி நாத்தந்தான் ஒத்துக்கல." முன் சீட்டு கிடைத்தால் வருவாயா என்று கேட்டேன். குரல் யோசித்தது. முன் சீட்டில் ஆபீஸ் தபால் பை வரும் என்றது.

லாரி ஓட்டும் மாணிக்கத்தைத் தேடிப் பிடித்தோம். தபால் பையை முன்னால்தான் வைக்க வேண்டும், அது வழமை என்றார். இவர் கேட்டார்: "அண்ணே, பை வாந்தி எடுக்குமா?" மாணிக்கம் சிரித்துவிட்டார். "எடுக்காது. பின்னுக்குப் போடலாம் லா."

செல்வியின் அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. "பாக்கலாம் டீச்சர்." இந்த ஊரில் பாக்கலாம் என்றால் பாதிக்கு மேல் இல்லை என்று அர்த்தம்.

19.1.1987, திங்கள்

தூறல். பட்டியலைக் கிழித்ததால் லாரி மறுபடி ஓடுகிறது, இப்போதைக்கு. 

பையன்கள் இருவரையும் தனியாகக் கேட்டேன். தொழிற்கல்விப் பள்ளிக்குப் போக வழியில்லை, இங்கே கலையில் இருக்க வேண்டியிருக்கும். "பரவால்ல டீச்சர்" என்றான் ஒருவன். மரவேலைக்கு 5 போட்டவன். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு மேசையின் விளிம்பைத் தடவிப் பார்த்தான். இதை நான் சரிசெய்யவில்லை. எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது.

ஓய்வு நேரத்தில் தவமணி நூலகத்துக்கு வந்தாள். "டீச்சர், ஒரு தடவ, நெஜமா உள்ளத போட்டுப் பாக்கலாமா? பாக்க மட்டும்."

லி. நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தான். அவளே தட்டினாள், பாரம் இல்லாமல், யோசிக்காமல். கணக்கு 5. ஆய்வுக்கூடம் 5. பிரித்துப் பார்ப்பது 5. தையல் 2. அச்சு இயந்திரம் கரகரவென்று தள்ளியது. அறிவியல் 98.

நின்று படித்தாள். துளைக்கோட்டில் நேராகக் கிழித்து, நான்காக மடித்து, கணிதப் பெட்டிக்குள் கவராயத்துக்குக் கீழே வைத்தாள்.

"சரி டீச்சர். இப்ப பழையபடி மாத்திருங்க."

என்னால் விசையை அழுத்த முடியவில்லை. லி. ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தான், வெளிப்பக்க அழுக்கை உள்பக்கமிருந்து. வெள்ளிக்கிழமை வரை அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

21.1.1987, புதன்

வெந்து வடிகிறது. சீனப் பெருநாள் நெருங்குகிறது, கடைகளில் மாண்டரின் ஆரஞ்சு.

தலைமை ஆசிரியரிடம் செல்வியைப் பற்றிப் பேசினேன். கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, கழற்றி. இந்த மாதத்துக்குள் வந்தால் படிவம் மூன்றில் சேர்த்துக்கொள்ளலாமாம். மாணிக்கம் வழியாகத் தோட்டத்துக்குச் சொல்லி அனுப்பினேன். எலுமிச்சம்பழம் நான்கும் கொடுத்தனுப்பினேன், செல்விக்கு.

பதில் இல்லை.

கூடத்துக் கடிகாரத்தைப் பிரித்தேன். ஒரு திருகு மிச்சம். ஓடுகிறது.

23.1.1987, வெள்ளி

பட்டியல் நாள். பத்து மணிக்கு அதை எடுத்துப்போக வேலையாள் வந்து நிற்கிறார். செல்வி வீட்டிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. மாணிக்கம் சொன்னதெல்லாம்: "அப்பன் யோசிக்கிறாரு. எலுமிச்சங்காய வாங்கிக்கிட்டாங்க."

110 பெயர் எழுதியாகிவிட்டது. கலாவுக்கு அறிவியல் எழுதியது 111. கடைசிப் பெயர் காலியாக. வகுப்பிலிருந்து தவமணியைக் கூப்பிட்டேன்.

"நீயே சொல்லு."

என் காதைப் பார்த்தாள். "செல்வி வருவாளா டீச்சர்?"

"தெரியாது."

தெரியாது என்று ஒரு மாணவியிடம் நான் சொன்னது எத்தனை வருஷத்துக்குப் பிறகு என்று யோசித்தேன். அவள் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். கணிதப் பெட்டியைத் திறந்தாள், மூடினாள்.

"அறிவியல்னு போடுங்க டீச்சர். திங்கக்கெழம அவ எறங்கலன்னா நான் இங்கயே எறங்கிக்கிறேன். பேரு அங்க இருந்துட்டுப் போகட்டும்."

எழுதினேன். 'ஆலோசனையின் ஆதாரம்' என்ற கட்டத்தில் 98. பொய்யில்லை. லி. முத்திரை குத்தினான். "போலே லா" என்றான், முடியும் என்று, முணுமுணுப்பாக, தனக்கே சொல்வதுபோல.

21ஆம் கேள்வியைப் பாரத்தில் சேர்த்துவிட்டானாம், அடுத்த வருஷத்துக்கு. எடை? போடவில்லை. பதில் மட்டும் தனியாக அச்சாகி என் மேசைக்கு வரும். அது போதும் என்று இருவருக்கும் பட்டது.

வீடு வந்தால் இவர் பிலோவின் அறையில் பல்பு மாற்றிக்கொண்டிருந்தார். "பழசு மங்கல்" என்றார்.

26.1.1987, திங்கள்

பனி மூட்டம். ஆறே முக்காலிலிருந்து பள்ளி வாசலில். இவர் ஹொண்டாவோடு மாமரத்தடியில், டவுனுக்கு ஏற்றிப் போக யாராவது இருந்தால் என்று. கலா நேற்றே சித்தி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆலைக்கு ஒரு மணி நேரம் லீவு சொல்லியிருக்கிறார்.

லாரி தாமதம். ஏழு. ஏழு ஐந்து. லி. வந்து பக்கத்தில் நின்றான்.

ஏழு பத்துக்கு வந்தது. முதலில் பையன்கள் இருவரும் குதித்தார்கள். பிறகு பெண்கள், ஒருத்தி, இரண்டாவது, மூன்றாவது. ஐந்து. பின்பலகை திறந்தபடியே இருந்தது. மாணிக்கம் கீழே இறங்கி, முன்னால் சுற்றி வந்து, இடப்பக்கக் கதவை வெளியிலிருந்து இழுத்தார். உள்ளேயிருந்து திறக்காதாம்.

செல்வி. போன வருஷத்துப் பாவாடை, விளிம்பை இறக்கித் தைத்திருக்கிறது, பழைய மடிப்புக் கோடு தெரிகிறது. மூக்கில் பாதி எலுமிச்சம்பழம். முகம் வெளிறி இருந்தது. வாந்தி எடுக்கவில்லை. பையன்கள் சிரிக்கவில்லை.

கடைசியாகப் பின்பக்கத்திலிருந்து தவமணி, தபால் பையைத் தாண்டிக்கொண்டு. தோளில் புத்தகப்பை, கையில் கயிறு கட்டிய பிஸ்கட் டின், அதில் துணிமணி. நேரே என்னிடம் வருவாள் என்று நின்றேன். வரவில்லை. வாசலுக்குள் போய்க்கொண்டிருந்தவர்களைப் பார்த்து அங்கேயே நின்றாள். விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணினாள். பிறகு கடைசியிலிருந்து திரும்ப எண்ணினாள். அதற்கு அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

"ஆறு டீச்சர். போலாம்."